போத்தல் அடியில் கிடக்கும் மண்டி: வீட்டு இஞ்சி பியரைத் தெளிவாக எடுக்கும் முறை

வீட்டில் செய்த இஞ்சி பியரை யாருக்குக் கொடுத்தாலும் முதலில் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். அடுத்து வரும் கேள்வியும் எனக்குத் தெரியும்: "அக்கா, அடியில ஏதோ வெள்ளையாக் கிடக்கு, பழுதாப் போச்சோ?"

பழுதாகவில்லை. கடைச் சோடாவை வடிகட்டி, வாயுவை இயந்திரத்தால் ஏற்றி அடைக்கிறார்கள். அதன் அடியில் ஒன்றும் கிடக்காது. வீட்டுப் போத்தலுக்கு வாயு கொடுப்பது ஈஸ்ட். பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் மதுவம் என்று இருப்பது அதுதான். சீனியைத் தின்று காபனீரொட்சைட்டை விடும். மூடி இறுக்கமாக இருப்பதால் வாயு போக வழியில்லாமல் பானத்துக்குள்ளேயே கரையும். பிறகு ஈஸ்ட் அடியில் போய்ப் படுக்கும். மண்டி வேண்டாம் என்றால் நுரையும் வேண்டாம் என்று இருக்க வேண்டியதுதான்.

ஆனால் அடியில் கிடப்பதெல்லாம் ஈஸ்ட் இல்லை. எங்கள் பக்கத்தில் செய்யும் இஞ்சி பியரில் மூன்று விதமான மண்டி வரும்: இஞ்சியின் மா, பனங்கட்டியின் கசடு, ஈஸ்ட். முதல் இரண்டும் போத்தலுக்குள் போகவே கூடாது. மூன்றாவது மட்டும் இருக்கலாம், அதுவும் மெல்லிசாக. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எனக்கு இந்தக் கணக்கைப் புரிய வைத்தவன் ஜேர்மனியில் இருக்கும் என் தம்பி. வீட்டின் நிலவறையில் பியர் காய்ச்சுகிறான். அங்கே அதற்கு இடமுண்டு. இங்கே இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் பியர் காய்ச்சுவது குற்றம். ஆகவே பியர் செய்யச் சொல்லி நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை. மண்டி விஷயத்தில் மட்டும் அவனுடைய பியரும் என்னுடைய இஞ்சி பியரும் ஒரே சாதி.

அவன் பெரிய வாளியில் பியரை முழுதாகப் புளிக்க விடுகிறான். ஈஸ்ட்டில் பெரும்பகுதி அந்த வாளியின் அடியிலேயே தங்கிவிடும். மேலே தெளிந்ததை ரியூப் வைத்து இழுத்து, லீற்றருக்கு 6 அல்லது 7 கிராம் சீனி கலந்து, போத்தலில் அடைத்து இரண்டு கிழமை வைக்கிறான். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் பியரிலும் ஒரு மில்லிலீற்றரில் இலட்சக்கணக்கான ஈஸ்ட் கலங்கள் மிதக்கும். அந்தச் சீனியைத் தின்ன அவை போதும். அவன் போத்தலில் மண்டி ஒரு மில்லிமீற்றர் தடிப்புத்தான் இருக்கும், அதுவும் அடியோடு ஒட்டிக்கொண்டு.

நான் செய்வது வேறு. முழுதாகப் புளிக்க விட்டால் இனிப்புப் போய்விடும், மதுசாரமும் ஏறிவிடும். ஆகவே இனிப்பு இருக்கும்போதே அடைத்து, வாயு ஏறியவுடன் குளிரில் வைத்து நிறுத்துகிறேன். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. லீற்றருக்கு 4 கிராம் சீனி புளித்தால் பானத்தின் கொள்ளளவுக்குச் சமமான ஒரு பங்கு வாயு கிடைக்கும். பியரில் இருப்பது கிட்டத்தட்ட இரண்டரைப் பங்கு. என் கலவையில் லீற்றருக்கு 100 கிராம் இனிப்பு இருக்கிறது. அவ்வளவையும் ஈஸ்ட் தின்ன விட்டால் 25 பங்கு வாயு. எந்தப் போத்தலும் தாங்காது. வெளியில் மறந்து வைத்த இஞ்சி பியர் ஏன் வெடிக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே போதும்.

அளவு

தண்ணீர் 4 லீற்றர், இஞ்சி 200 கிராம், சீனி 300 கிராம், பனங்கட்டி 100 கிராம், தேசிக்காய் மூன்று, கராம்பு நாலைந்து, கறுவாப்பட்டை ஒரு துண்டு. பாணுக்குப் போடும் உலர் ஈஸ்ட் கால் தேக்கரண்டி, மட்டமாக. கால் என்றால் கால்தான். கூடப் போட்டால் கெதியாக வாயு ஏறும் என்பது உண்மை. கூடவே மண்டியும் தடிக்கும், பாண் மணமும் ஏறும்.

அடைக்கும் முன் எடுக்க வேண்டியவை

இஞ்சியைத் தோல் சீவி, இடித்தோ அரைத்தோ, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிழிந்து சாறு எடுங்கள். அதை உடனே அடுப்பில் ஏற்ற வேண்டாம். கண்ணாடி ஜக்கில் ஊற்றி அரை மணி நேரம் அசைக்காமல் விட்டுவிடுங்கள். அடியில் பால்வெள்ளையாக ஒரு படை இறங்கும். இஞ்சித் தேத்தண்ணிக்குச் சாறு எடுக்கிற எங்கள் அம்மாமார் இதைச் சுண்ணாம்பு என்று சொல்லி ஊற்றிவிடுவார்கள். உண்மையில் அது மா. ஜக்கைச் சரித்தாலும் அசையாது. அவ்வளவு இறுக்கமாகப் படியும். மேலே நிற்கிற மஞ்சள் சாற்றை மட்டும் மெதுவாக வார்த்து எடுத்துக்கொண்டு அடியை விட்டுவிடுங்கள்.

இந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். மாவோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் அது வெந்து கரைந்து, பானம் முழுவதும் கலங்கலாகவே நிற்கும். பிறகு எத்தனை நாள் குளிரில் வைத்தாலும் அந்தக் கலங்கல் இறங்காது. "நான் வடிகட்டித்தானே செய்தேன், ஏன் தெளியேல்லை?" என்று கேட்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம். வெந்த மாவைத் துணி பிடிக்காது.

பனங்கட்டிக்கு வேறு கதை. கருப்பநீர், அதாவது பதநீர், முட்டியில் புளித்துவிடாமல் இருக்க உள்ளே சுண்ணாம்பு பூசித்தான் கட்டுவார்கள். காய்ச்சும்போது அதில் பெரும்பகுதி போனாலும், குட்டானில் (சின்ன ஓலைப் பெட்டியில்) வருகிற பனங்கட்டியைக் கரைத்துப் பார்த்தால் அடியில் சாம்பல் நிறத்தில் தூசும் கசடும் நிற்கும், சில வேளை ஓலைத் துணுக்கும் கிடக்கும். ஆகவே பனங்கட்டியைத் தனிச் சட்டியில் ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடியுங்கள். தேத்தண்ணி வடி இதற்குப் போதாது. வடித்த பிறகும் கொஞ்ச நேரம் வைத்து அடியை விட்டு எடுப்பது நல்லது. இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்றால் முழுவதும் சீனி போடலாம். நிறம் வெளிறும், வாசமும் அரைவாசியாகும். நான் போடுவதில்லை.

தண்ணீரைக் கொதிக்க வைத்தே எடுக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்குக் குளோரின் போடுவார்கள். அந்த மணம் பானத்தில் தங்கினால் குடிக்க முடியாது. ஈஸ்ட்டுக்கும் அது ஒத்துவராது. நன்றாகக் கொதித்தால் போய்விடும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர், கேத்தலின் உள்ளே வெள்ளைப் படை கட்டும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். அந்தக் கல்சியம் ஈஸ்ட் ஒன்றோடொன்று ஒட்டி இறங்க உதவி செய்யும். கொதித்த தண்ணீரின் அடியில் வெள்ளைப் பொடி நின்றால் அதை மட்டும் விட்டுவிட்டு மேலே எடுங்கள்.

சரி, இப்போது தெளிந்த இஞ்சிச் சாறு, வடித்த பனங்கட்டிப் பாகு, சீனி, கராம்பு, கறுவா எல்லாவற்றையும் தண்ணீரோடு சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்க விட்டு இறக்கி, மூடி, ஆறவிடுங்கள். ஆறியபின் தேசிப்புளி பிழிந்து வடித்துச் சேருங்கள். கையில் ஒரு சொட்டு விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. நல்ல சூடாக இருக்கும்போது ஈஸ்ட் போட்டால் செத்துப்போகும். செத்த ஈஸ்ட் வாயுவும் தராது, மண்டியாக மட்டும் வந்து கிடக்கும்.

ஈஸ்ட்டை அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சீனியோடு போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். மேலே நுரை கட்டினால் உயிரோடு இருக்கிறது, ஆறிய கலவையில் ஊற்றிக் கலக்குங்கள். கட்டாவிட்டால் வேறு பைக்கற் உடையுங்கள்.

போத்தல்

சோடா வந்த பிளாஸ்ரிக் போத்தல்தான் நல்லது. கண்ணாடிதான் வேண்டும் என்றால் பியர், சோடா அடைத்து வந்த தடித்த போத்தல் மட்டும். சாராயப் போத்தலில் அடைக்கவே அடைக்காதீர்கள். அது அமுக்கம் தாங்கச் செய்தது இல்லை. ஜாம் போத்தலும் அப்படித்தான். கண்ணாடியில் அடைக்கிறவர்களும் ஒரு பிளாஸ்ரிக் போத்தலை அதே கலவையால் நிரப்பிக் கூடவே வைக்க வேண்டும், அமுக்கிப் பார்க்க அது ஒன்றுதான் வழி.

கழுத்தில் மூன்று விரல் இடம் விட்டு நிரப்பி, மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். சித்திரை, வைகாசி வெக்கையில் ஒரு நாளுக்குள்ளேயே போத்தல் கல்லாகிவிடும். மார்கழியில் இரண்டு நாளும் எடுக்கும். நாளை எண்ணாமல் விரலால் அமுக்கிப் பாருங்கள். பெருவிரல் உள்ளே போகாத நேரம் வந்தால், அது நடுச்சாமமாக இருந்தாலும் சரி, பிரிட்ஜுக்குள் போக வேண்டும்.

இந்த அளவில் நிறுத்தினால் மதுசாரம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. பிந்தப் பிந்த ஏறும். சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நான் கொடுப்பதில்லை. தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுப்பேன்.

பிரிட்ஜில் எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் போத்தல் ஆடும், மண்டி இறுகவே இறுகாது. உள்ளே பின்பக்கத்தில், நிமிர்த்தி. இடம் போதாது என்று படுக்க வைத்தால் மண்டி பக்கவாட்டில் நீளமாகப் படியும், எப்படி வார்த்தாலும் கலங்கும். குறைந்தது மூன்று நாள் தொடாமல் விடுங்கள்.

ஏன் மூன்று நாள்? ஒரு ஈஸ்ட் கலம் மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கும் இல்லை. தனியாக இறங்குவது மகா மந்தம். கூட்டமாக ஒட்டினால் கெதியாக இறங்கும். தம்பி வாங்கும் பியர் ஈஸ்ட்டில் சில இனங்கள் நன்றாக ஒட்டுகிறவை. பாண் ஈஸ்ட்டை யாரும் அந்தக் குணத்துக்காகத் தெரிவு செய்து வளர்ப்பதில்லை. அதோடு, சுற்றிவரச் சீனி இருக்கும் வரை பல இன ஈஸ்ட் ஒட்டத் தயங்கும். பியரில் சீனி முடிந்துவிடுகிறது, எங்கள் போத்தலில் முடிவதில்லை. அதனால்தான் இஞ்சி பியரின் மண்டி எப்போதும் இளக்கமாகவே இருக்கும், லேசாகச் சாய்த்தாலும் புகை போல எழும். குளிர் மட்டுமே எங்களுக்குத் துணை. பிரிட்ஜ் இல்லாதவர்கள் கொஞ்சமாகச் செய்து, போத்தல் இறுகிய அன்றே குடித்துவிட வேண்டும். வாளித் தண்ணீரில் ஈரச்சாக்குச் சுற்றி வைப்பது குடிக்க இதமாக்கும், ஈஸ்ட்டை நிறுத்தாது.

வார்ப்பது

இவ்வளவு பார்த்துச் செய்தும் கடைசியில் வார்க்கத் தெரியாமல் கெடுப்பவர்கள்தான் அதிகம்.

போத்தலை நன்றாகக் குளிர்ந்த நிலையில் திறக்க வேண்டும். வெக்கையில் திறந்தால் வாயு ஒரேயடியாகக் கிளம்பும். குமிழிகள் மண்டிக்குள்ளிருந்தே எழும்பி அதை மேலே தூக்கிக்கொண்டு வரும். மூடியை ஒரே திருகில் கழற்றாமல், கொஞ்சம் இளக்கி, 'ஸ்' என்ற சத்தம் அடங்கும் வரை பிடித்து, திரும்பவும் கொஞ்சம் இளக்க வேண்டும். போத்தலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. சோடாப் போத்தலின் அடியைத் திருப்பிப் பாருங்கள், ஐந்து கால் மாதிரிப் பிரிந்திருக்கும். மண்டி அந்த ஐந்து குழிக்குள்ளும் உட்கார்ந்திருக்கும். நடுவில் அமுக்கினால் ஐந்தும் சேர்ந்து கிளம்பிவிடும். கழுத்தில் ஒரு கை, அடியில் ஒரு கை.

கிளாஸைச் சரித்துப் பிடித்து, அதன் பக்கச் சுவரில் படும்படி மெதுவாக வாருங்கள். இதில் தம்பி திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: "அக்கா, தொடங்கினாப் போத்தலை நிமித்தாதேங்கோ." ஒவ்வொரு கிளாஸுக்கும் நிமிர்த்தி, மறுபடி சரித்தால், உள்ளே இருப்பது அடியை அலசிக்கொண்டு போய் வரும். முதல் கிளாஸ் தெளிவு, இரண்டாவது மங்கல், மூன்றாவது முழுக் கலங்கல் என்று வருவது இதனால்தான். கிளாஸ்களை வரிசையாக ஒட்டி வைத்து, சரித்த போத்தலைச் சரித்தபடியே ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொண்டு போங்கள். அது கையில் வராதவர்கள் முழுப் போத்தலையும் ஒரே வார்ப்பில் ஒரு ஜக்குக்கு மாற்றிவிட்டு, ஜக்கிலிருந்து பரிமாறலாம். வீட்டுக்கு ஆள் வந்தால் நான் செய்வது இதைத்தான். கொஞ்சம் வாயு போகும், போகட்டும்.

வார்க்கும்போது கிளாஸைப் பார்க்காமல் போத்தலின் தோளைப் பாருங்கள். பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருக்க வேண்டும். தெளிந்த பானம் போய்க்கொண்டே இருக்கும். முடிகிற நேரம் அடியிலிருந்து மெல்லிய வெள்ளை இழை ஒன்று தோளை நோக்கி ஊர்ந்து வரும். அது கழுத்தைத் தொடும் முன் நிறுத்துங்கள். ஒரு லீற்றர்ப் போத்தலில் இரண்டு விரல் உயரம் மிஞ்சும். அதை மிச்சம் பிடிக்கப் போனால் முழுக் கிளாஸும் கெடும்.

எல்லாரும் மண்டியை விடுகிறவர்களும் இல்லை. தென் ஜேர்மனியில் கோதுமைப் பியரைப் பெரும்பகுதி வார்த்துவிட்டு, மிச்சத்தைப் போத்தலோடு சுழற்றி, ஈஸ்ட்டையும் சேர்த்துத்தான் ஊற்றுவார்களாம். அந்தக் கலங்கல்தான் அதன் அழகு என்பான் தம்பி. இத்தனைக்கும் 1516இல் பவேரியாவில் போட்ட பியர்ச் சட்டத்தில் வாற்கோதுமை, ஹொப்ஸ், தண்ணீர் மூன்றைத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஈஸ்ட்டின் பெயரே இல்லை. இஞ்சி பியருக்கு அந்த வழக்கம் சரிவராது. பாண் ஈஸ்ட்டின் மண்டி வாயில் மாவாக ஒட்டும், இஞ்சியின் காரத்தையும் மழுக்கிவிடும். தெரியாமல் குடித்தால் ஒன்றும் ஆகாது, வயிறு கொஞ்சம் ஊதும், அவ்வளவுதான். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், பெரிய வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் உயிருள்ள ஈஸ்ட் இருக்கும் எதையும் தவிர்ப்பது நல்லது.

ஈஸ்ட் என்றால் முகம் சுளிப்பவர்கள் வீட்டிலும் மார்மைற் போத்தல் ஒன்று இருக்கும். அது பியர் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்ட்டில் செய்வது. 1934-35 மலேரியாக் காலத்தில் இடதுசாரிகள் நடத்திய சூரியமல் இயக்கத்தார் ஊர் ஊராகப் போய் மெலிந்த சனத்துக்கு அதைத்தான் கொடுத்தார்கள். சந்தேகப்படும் சொந்தக்காரருக்கு நான் சொல்லும் பதிலும் இதுதான், பெரும்பாலும் எடுபடும்.

கொண்டாட்டத்துக்குக் கொண்டு போகிறவர்களுக்கு ஒரு சொல். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் வரும் சனத்துக்கு என்று பரந்தன் முல்லைத்தீவு வீதியால் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனால், இறங்கும்போது எல்லாப் போத்தலும் கலங்கித்தான் இருக்கும். முதல் நாளே கொண்டு போய் ஐஸ் பெட்டிக்குள் நிமிர்த்தி வைக்க வேண்டும். அதற்கு வழி இல்லையென்றால் வீட்டிலேயே தெளிவை மட்டும் வேறு குளிர்ந்த போத்தல்களுக்கு மாற்றி, இறுக்கி மூடிக் கொண்டு போங்கள். வாயு கொஞ்சம் குறையும். அன்றே முடித்துவிடவும் வேண்டும்.

எது உண்மையில் பழுது

ஈஸ்ட் மண்டி வெள்ளையும் மஞ்சளும் கலந்த நிறம், பொடியாக இருக்கும், அடியில் மட்டும் கிடக்கும். பானத்தின் மேல்மட்டத்தில் போத்தல் கழுத்தைச் சுற்றி வளையமாகப் படை கட்டியிருந்தால், மேலே ஆடை படர்ந்திருந்தால், நூல் நூலாக ஏதும் தொங்கினால், வினாகிரி மணம் அடித்தால், அது வேறு கிருமி ஏறியது. பஞ்சு போலப் பூத்திருந்தால் பூஞ்சணம். ருசி பார்த்து முடிவு செய்ய வேண்டாம், ஊற்றிவிடுங்கள். அந்தப் பிளாஸ்ரிக் போத்தலையும் எறிந்துவிடுங்கள். திறந்தவுடன் அவித்த முட்டை மணம் லேசாக வந்து உடனே போனால் பயப்படத் தேவையில்லை, ஈஸ்ட் சில வேளை அப்படி விடும்.

மிஞ்சிய இரண்டு விரல் மண்டியை நான் ஊற்றுவதில்லை. அப்பத்துக்கு மா கரைக்கும்போது கள்ளு விடுகிற இடத்தில் இதை விடலாம். கள்ளு அளவுக்குப் புளிப்பு வராது, ஆனால் மா பொங்கும், ஓரம் முறுகும். இரவு கரைத்து வைத்தால் காலையில் சுடலாம். அடுத்த முறை இஞ்சி பியருக்கு ஈஸ்ட்டாகவும் இரண்டு மேசைக்கரண்டி எடுக்கலாம். ஒருமுறை எடுப்பதோடு நிறுத்துங்கள், அதிலிருந்து அதிலிருந்து என்று போனால் வேறு கிருமிகளும் சேர்ந்து வளரும்.

போத்தலை வார்த்து முடித்த கையோடு கழுவ வேண்டும். காய்ந்தால் அந்த ஐந்து குழிக்குள் ஒட்டிய ஈஸ்ட் லேசில் போகாது. அடுத்த முறை கிருமி தொடங்குவதும் அங்கேதான். ஒரு பிடி அரிசியும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் கழன்று வரும். கொதிநீர் விடாதீர்கள், பிளாஸ்ரிக் நெளிந்துவிடும். மூடியின் உள் வளையத்தையும் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, எல்லாவற்றையும் கவிழ்த்துக் காயவிடுங்கள்.